முறைப்பாடு வரவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

மலையக ஆஸ்பத்திரிகளில் பொறுப்பிலிருக்கும் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு,

வணக்கம். நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பாடசாலை விட்டபிறகு எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, யாரும் சம்பளம் தராத வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் ஆஸ்பத்திரித் துண்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவந்து, "டீச்சர், இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். இங்கிலிஷில் இருந்தால் வாசித்துச் சொல்வேன், சிங்களத்தில் இருந்தால் தட்டுத்தடுமாறிச் சொல்வேன், கையெழுத்து விளங்காவிட்டால் பேராதனையில் மருத்துவம் படிக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு ஃபோனில் படம் எடுத்து அனுப்புவேன். பதினொரு வருடமாக இது நடக்கிறது.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசிய பெரியவர் ஒருவர் எங்கள் சனத்தைப் பாராட்டினார். தோட்டத்து மக்கள் ரொம்ப நல்லவர்கள், கொழும்பு மாதிரி இல்லை, இத்தனை வருடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு பெட்டிசன்கூட வந்ததில்லை, அதுவே நாங்கள் நன்றாக வேலை செய்கிறோம் என்பதற்குச் சாட்சி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மனதாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுந்து பதில் சொல்ல அன்றைக்கு எனக்கு முடியவில்லை, வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கத் தூக்கமும் வரவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்பு என் சின்னம்மா இறந்து போனார். வயது 51. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைக்கிறது என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், கங்காணி அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "நெஞ்சு அடைக்குது சார், இடது கை மரத்துப் போவுது" என்று சின்னம்மா சொல்லியிருக்கிறார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற எட்டெண்டன், நெஞ்சு எரிகிறதாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். கையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கூடப் போயிருந்த என் தம்பிக்குச் சிங்களம் விளங்கும். ஆனால் அப்போது அவன் பதினாறு வயதுப் பையன், பெரியவர்கள் பேசும்போது இடையில் புகுந்து அது அப்படி இல்லை சார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறான். கேஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதி, ஒமெப்ரசோலும் ஒரு போத்தல் பாணி மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி லயத்திலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று பிரேத பரிசோதனையில் வந்தது.

ஈசிஜி எடுத்திருந்தால் சின்னம்மா பிழைத்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு என்று பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த டொக்டரிடம் சரியான வார்த்தை போய்ச் சேர்ந்திருந்தால் எடுத்திருப்பார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

நாங்கள் முறைப்பாடு செய்யவில்லை. உங்கள் கணக்கில் அந்த நாள் பிரச்சினை எதுவும் இல்லாத நாள்.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எந்தக் காரணத்தை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் ஒரு நாள் பேர் போய்விடும், அன்றைய கூலி இல்லை. எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், எந்த மொழியில் எழுதுவது, யாருக்கு எழுதுவது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு இருப்பது இந்த ஓர் ஆஸ்பத்திரிதான். அடுத்த மாதம் சித்தப்பாவின் சீனி வியாதி கிளினிக் அங்கேதான், தங்கச்சியின் பிரசவமும் அங்கேதான். எங்கள் பேர் ஒரு பெட்டிசனில் இருந்தால் அவர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு எங்கள் வாயைக் கட்டிவிடுகிறது. நீங்கள் அப்படிச் செய்யமாட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், டொக்டர் என்றால் கும்பிடுகிற சாமி மாதிரி என்று எங்கள் வீடுகளில் இன்றும் ஒரு நினைப்பு உண்டு. சாமி மேல் யாராவது முறைப்பாடு செய்வார்களா?

இது எங்கள் ஊர்க் குணம் மட்டும்தானா என்று தேடிப் பார்த்தேன். இங்கிலிஷில் இருந்த ஆய்வுகளை அந்த மருத்துவ மாணவப் பிள்ளைதான் எனக்கு விளக்கிச் சொன்னது. அமெரிக்காவில், 1984ஆம் ஆண்டு நியூயோர்க் ஆஸ்பத்திரிகளில் இருந்த நோயாளிகளில் சுமார் 30,000 பேரின் ஏடுகளை ஹார்வர்ட் ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்திருக்கிறார்கள். அதில் வைத்தியக் கவனயீனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அவர்கள் கண்ட 280 பேரில் வழக்குப் போட்டவர்கள் வெறும் 8 பேர். வழக்கு என்றால் அமெரிக்கா என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கேயே இந்தக் கதி. யார் குறைவாக வழக்குப் போடுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறார்கள்: ஏழைகள், காப்புறுதி இல்லாதவர்கள், வயதானவர்கள். அதாவது முறைப்பாடுகளை ஒரு வரைபடத்தில் குறித்தால், சிகிச்சை எங்கே பிழைத்தது என்று அது காட்டாது, யாருக்குக் குரல் இருக்கிறது என்றுதான் காட்டும். எங்கள் மலைகள் அந்த வரைபடத்தில் வெறுமையாகக் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதே ஆய்வில் அதுவும் இருந்தது. வழக்குப் போட்ட பலரின் ஏடுகளில் கவனயீனம் எதுவும் தெரியவில்லை. பிழை செய்யாத வைத்தியரும் கோர்ட் ஏற வேண்டி வருகிறது. 2011இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வின்படி ஒரு வருடத்தில் நூற்றுக்கு 7 வைத்தியர்மீது வழக்கு வருகிறது, பணம் கொடுப்பதில் முடிவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. மூளை, நரம்பு ஒப்பரேஷன் செய்கிறவர்கள் என்றால் நூற்றுக்கு 19, குழந்தை வைத்தியர்கள் என்றால் 3 மட்டும். ஆபத்தான வேலையைக் கையில் எடுப்பவர்தான் அதிகம் மாட்டுகிறார். அப்படிப்பட்ட துறைகளில் 65 வயதாவதற்குள் ஏறத்தாழ எல்லோருமே ஒரு முறையாவது வழக்கைப் பார்த்திருப்பார்கள். ஆகவே ஒரு முறைப்பாடு வந்தால் அந்த டொக்டர் கெட்டவர் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. நான் அந்த எண்ணத்தில் எழுதவில்லை.

ஆனால் அதே நாட்டில் 2005 முதல் 2014 வரை நட்டஈடு கொடுத்து முடித்த வழக்குகளை எண்ணியபோது வேறொன்று தெரிய வந்தது. மொத்த வைத்தியர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் அந்த வழக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர். ஒரே ஆள் திரும்பத் திரும்ப. அந்த ஓர் ஆளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாதிக்கப்பட்டவர்கள் பேசியதால், பேசியது ஓர் இடத்தில் பதிவானதால். எங்கள் பக்கம் அப்படி ஒருவர் இருந்தால் யாருக்குத் தெரியும்? மாற்றம் வாங்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போவார், அங்கேயும் ஒரு பெட்டிசனும் வராது. மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் ராத்திரி பகலாக நின்று வேலை செய்து சேர்த்த நல்ல பெயரும் அவரோடு சேர்ந்து கெடும். முறைப்பாடு வருவது உங்களுக்கும் நல்லதுதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்னிடம் வரும் துண்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். நான் கணக்கு எழுதி வைத்ததில்லை, ஆனால் பதினொரு வருடம் பார்த்தால் ஒரு சாயல் பிடிபடுகிறது. பெரிய ஒப்பரேஷனில் கத்தரிக்கோலை வயிற்றுக்குள் விட்டுத் தைத்தார்கள் என்பது மாதிரிக் கதைகள் பத்திரிகையில்தான் வரும், எங்கள் லயத்தில் வருவதில்லை. இங்கே வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயமாகத் தொடங்குகிறவை: மூன்று தடவை வெளிநோயாளர் பிரிவான ஓபிடிக்குப் போய் மூன்று தடவையும் பெனடோல் வாங்கி வந்து நாலாவது தடவை காசநோய் என்று தெரிந்தது, பிளாஸ்டர் போட்ட கை வீங்கியதைச் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டது, மார்பில் கட்டி என்று காட்டிய பெண்ணுக்கு அடுத்த துண்டு எழுதிக் கொடுத்தும் எங்கே போவதென்று விளங்காமல் ஆறு மாதம் போனது. எல்லாமே நோயைக் கண்டுபிடிப்பதில் பிந்தியவை. அமெரிக்காவில் 25 வருடத்து வழக்குகளை எடுத்துப் பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நட்டஈடு கொடுத்த வழக்குகளில் நூற்றுக்கு 28க்கும் மேல் நோயறிதல் பிழை, வேறெந்த வகைப் பிழையையும் விட அதுதான் கூட. இன்னோர் அமெரிக்க ஆய்வில், நோயறிதல் பிழையால் கடுமையான பாதிப்பில் முடிந்த வழக்குகளில் ஏறத்தாழ முக்கால்வாசி மூன்றே வகை: இரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை, கிருமித்தொற்று, புற்றுநோய். என் சின்னம்மா அந்த முதல் வகை.

இதைவிட என் மனதை அறுத்த துண்டு ஒன்று உண்டு. மூன்றாவது பிள்ளையைப் பெற்று வந்த ஓர் இளம் பெண், "டீச்சர், எனக்கு இன்னொரு ஒப்பரேஷனும் செஞ்சாங்களாமே, அது என்னா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். துண்டில் எல்.ஆர்.டி. என்று மூன்று எழுத்து. கருத்தடை ஒப்பரேஷன். கையெழுத்து வாங்கித்தான் செய்திருக்கிறார்கள், கடதாசி சிங்களத்தில் இருந்திருக்கிறது, வலியோடு இருந்த நேரத்தில் தாதி மிஸ்ஸி காட்டிய இடத்தில் போட்டிருக்கிறாள். சட்டப்படி ஏட்டில் சம்மதம் இருக்கிறது. அவளுக்கு என்ன சம்மதம் என்று தெரியாது. நான் அதை அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டி வந்த அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. தமிழில் அலுவல் பார்க்கவும் பதில் பெறவும் இந்த நாட்டு அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எங்களுக்கு உரிமை தருகிறது. அது அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மட்டும் எழுதியதில்லை, பிரசவ வார்டுக்கும் சேர்த்துத்தான்.

தவறு எப்போதும் டொக்டருடையதும் இல்லை. 2023இல் நுவரெலியாவில் கண்புரை ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, இந்தியாவிலிருந்து வந்த ப்ரெட்னிசொலோன் கண் மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித்தொற்று வந்து பார்வை பாதிக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பலருக்கு ஒரே நேரத்தில் வந்ததால்தான் அது வெளியே வந்தது, மருந்தையும் நிறுத்தினார்கள். ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் "எனக்கு விதி" என்று ஒரு கிழவி லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

வழக்குப் போடுங்களேன் என்று சிலர் சொல்வார்கள். இந்த நாட்டில் அதிகம் பேசப்பட்ட வைத்தியக் கவனயீன வழக்கு கொழும்பில் நடந்தது. 1992இல் இறந்த ஒரு சிறுமிக்கு மூளைத்தண்டில் கட்டி இருந்ததை, பேர் பெற்ற குழந்தை வைத்தியப் பேராசிரியர் ஒருவர் வேறு நோய் என்று எடுத்துக்கொண்டார் என்பது வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் கவனயீனம் இருந்தாலும் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிறுவப்படவில்லை என்று சொல்லி அதையும் நீக்கியது. நோய் எப்படியும் உயிரைப் பறிக்கும் நோய் என்பதே காரணம். சட்டப்படி அது சரியான தீர்ப்பாக இருக்கலாம், நான் சட்டம் படித்தவளில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் தகப்பன் ஒரு சட்டத்தரணி. கோர்ட் வாசலும் தெரிந்த, மொழியும் தெரிந்த, ஆட்களும் தெரிந்த ஒருவருக்கு ஒன்பது வருடம் போய் கடைசியில் கையில் ஒன்றும் இல்லை என்றால், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால்தான் சோறு என்றிருக்கும் என் சித்தப்பா எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்? ஈசிஜி எடுத்திருந்தாலும் உயிர் போயிருக்கும் என்று எதிர்ப்பக்கம் ஒரு வரி சொன்னால் அவரது வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அதோடு, இப்படியான நட்டத்துக்கு வழக்குப் போட இரண்டு வருடம்தான் காலம், 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஆட்கள் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய காரியம். மருத்துவ சபைக்கு எழுதலாம், அது ஒரு வைத்தியரின் பதிவைப் பற்றி முடிவெடுக்கும், நட்டஈடு தராது. 2016ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் ஏட்டைக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இது எங்கள் ஆட்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்? பணம் வேண்டும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1994இல் இங்கிலாந்தில் வழக்குப் போட்ட 227 நோயாளிகளையும் உறவினர்களையும் கேட்டிருக்கிறார்கள். நட்டஈட்டோடு சேர்த்து அவர்கள் சொன்னது, என்ன நடந்தது என்று விளங்கப்படுத்த வேண்டும், பொறுப்பானவர் பொறுப்பை ஏற்க வேண்டும், இனி யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது. 1997இல் அமெரிக்காவில் வழக்கு வராத குடும்ப வைத்தியர்களையும் வந்தவர்களையும் ஒப்பிட்டபோது, வராதவர்கள் ஒரு நோயாளியோடு மூன்று நிமிடம் கூடுதலாக இருந்திருக்கிறார்கள், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், விளங்கியதா என்று கேட்டிருக்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்பவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஓபிடியில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்போது மூன்று நிமிடம் என்பது உங்களுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நானும் ஒரே வகுப்பில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிறவள்தான்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2001 முதல் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பிழை நடந்தால் தாங்களே குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, தங்கள் பிழை என்றால் தாங்களே நட்டஈடு கொடுக்க முன்வருவது. வழக்கு மழை கொட்டும் என்று பயந்தார்கள். கொட்டவில்லை. ஒரு இலட்சம் நோயாளி வருகைக்கு ஏழாக இருந்த நட்டஈட்டுக் கோரிக்கை நாலரைக்கு இறங்கியது, தீர்க்க எடுத்த காலமும் குறைந்தது.

மிச்சிகன் வரை போகவும் தேவையில்லை. என்னிடம் படித்த பையன் ஒருவனின் முதல் குழந்தை வார்டிலேயே இறந்தது. அன்று ராத்திரி வேலையிலிருந்த இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, அவனைத் தனியாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தமிழ் தெரிந்த மிஸ்ஸியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு என்ன செய்தோம், எதைச் சீக்கிரம் செய்திருக்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். கடைசியில் அரைகுறைத் தமிழில் "மன்னிச்சிருங்க அண்ணா" என்றிருக்கிறார். அந்தப் பையன் இன்றும் தோட்டத்தில் யாருக்கும் சுகமில்லை என்றால் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போகிறான். அந்த டொக்டர் இருக்கிறாரா என்று முதலில் கேட்பான்.

இந்த நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து, யார்மேலும் குற்றம் சாட்டாமல், எங்கே பிந்தியது என்று ஆராயும் வழக்கம் பல பத்து வருடமாக இருக்கிறது. தாய் மரணங்கள் இங்கே இவ்வளவு குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. உங்களுக்குத் தெரியாத வேலை எதையும் நான் கேட்கவில்லை. வார்டில் நடக்கும் மற்ற மரணங்களுக்கும், ஓபிடியில் இருந்து அனுப்பி இரண்டு மூன்று நாளில் வீட்டில் நடக்கும் மரணங்களுக்கும் அதையே செய்யுங்கள் என்று கேட்கிறேன். செய்துவிட்டுக் கண்டதைக் குடும்பத்துக்கும் சொல்லுங்கள். ஒரு பெரிய டொக்டர், ஒரு கதிரை, தமிழ் பேச ஒருவர், அரை மணி நேரம்.

இன்னும் சில இருக்கிறது. ஓபிடியில் தமிழை மொழிபெயர்த்துச் சொல்லும் ஆள் எட்டெண்டனாக இருந்தாலும் பரவாயில்லை, அவரைப் பழக்குங்கள். நெஞ்சு அடைப்பதும் நெஞ்சு எரிவதும் வேறு வேறு என்று தெரிந்தவராக இருக்கட்டும், யார் மொழிபெயர்த்தார் என்று ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள். கையெழுத்து வாங்கும் கடதாசி தமிழில் இல்லாமல் தமிழ்ப் பெண்ணிடம் நீட்டாதீர்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது என்ன நோய், எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டை எழுதித்தான் தர வேண்டும் என்று சொல்லாதீர்கள், வாயால் சொன்னதை எழுதிக்கொள்ள ஒருவரை வையுங்கள். அவருடைய பேரையும் நம்பரையும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும் கோயில் சுவரிலும் ஒட்டுங்கள். அப்படிச் சொன்ன குடும்பத்துக்கு அடுத்த கிளினிக்கில் ஒரு குறையும் வராது என்று அதே தாளில் உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். அந்தக் கையெழுத்து எங்களுக்கு முக்கியம்.

ஆள் இல்லை என்று சொல்வீர்கள், உண்மைதான். எங்கள் பாடசாலையில் நானும் இன்னும் நாலு ஆசிரியர்களும் பேசி வைத்திருக்கிறோம். சனிக்கிழமையும் ஞாயிறும் காலை எட்டு மணியிலிருந்து ஒருவர் மாறி ஒருவர் ஓபிடியில் வந்து நிற்கத் தயார், சம்பளம் வேண்டாம். நோயாளியின் விஷயம் வெளியே போகாது என்று எழுதித் தருகிறோம், நீங்கள் எப்படிப் பழக்கினாலும் பழகுகிறோம். வரச் சொல்லி ஒரு கடிதம் போதும், பாடசாலை முகவரிக்கு, எந்த மொழியில் எழுதினாலும் வாசித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி
நுவரெலியா மாவட்டம்